ஆசையை அறுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

கோலாலம்பூரில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கொண்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. "பையனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டமே இல்லைங்கறான் மேடம். மாத்த முடியுமா?" இங்கே வருவதற்குள் ஜாதகம் பார்த்திருப்பார்கள். கோயிலில் பரிகாரம் செய்திருப்பார்கள். கிளினிக்கில் ஹார்மோன் டெஸ்ட்கூட எடுத்திருப்பார்கள். அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்களும் உண்டு.

மருத்துவம் இதற்குச் சொல்லும் பதில் சுருக்கமானது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் தன்பாலீர்ப்பை, அதாவது தன் பாலினத்தவர் மேலேயே வரும் ஈர்ப்பை, நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. 'மாற்றும் சிகிச்சை' என்று சொல்லிச் செய்யப்படுபவை பலன் தருவதற்கு ஆதாரம் இல்லை, தீங்குதான் செய்யும் என்று உலக மனநல மருத்துவச் சங்கம் 2016-இல் அறிவித்தது. இது நோயே இல்லை, அதனால் மருந்தும் இல்லை.

நான் இன்று எழுத வந்தது வேறு விஷயம். அண்மைக் காலமாக இந்த உரையாடலுக்குள் புத்தரும் வந்துவிடுகிறார். அதில் ஆச்சரியமும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் மகா விகாரையை 1894-இல் சிங்கள பௌத்தர்கள் தொடங்கினார்கள். விசாக நாளன்று அங்கே பூவும் விளக்குமாக வரிசையில் நிற்பவர்களில் நம் மக்களும் இருப்பார்கள். முருகனைக் கும்பிடும் வீட்டில் புத்தருக்கும் ஓர் இடம் கிடைப்பது இங்கே சாதாரணம். இளைஞர்களோ கைப்பேசியில் தியானம் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலருடைய கதைகளைக் கலந்து, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நல்ல வேலை, சொந்தக் கார், மூன்று பிள்ளைகளில் மூத்தவர். முப்பதை நெருங்கும் வயது. உட்கார்ந்ததும் கேட்டார்: "ஆசைதான் துன்பத்துக்குக் காரணம்னு புத்தர் சொல்லியிருக்காரு. ரொம்ப நாளா தியானம் பண்றேன் மேடம். இந்த ஆசையை அறுத்துட்டா, அம்மா பார்த்து வச்சிருக்கற பொண்ணைக் கட்டிக்கலாம்தானே?"

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு வலி இருக்கிறது பாருங்கள். ஆசையை அறுக்கப் புறப்பட்டவர் எதற்காக மாலை மாற்ற வேண்டும்? அவர் தங்கை கல்லூரியில் ஒருவரைக் காதலித்தாள். வீட்டில் இரண்டு நாள் சத்தம், அப்புறம் கல்யாணப் பேச்சு. அதுவும் ஆசைதான். "உன் ஆசையை அறுத்துவிடு, புத்தர் சொல்லியிருக்கிறார்" என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. புத்தர் துன்பத்தின் காரணத்தைச் சொன்னபோது மனிதர்களை இரண்டாகப் பிரித்து, இவர்களின் ஆசை இயல்பு, அவர்களின் ஆசை நோய் என்று சொல்லவில்லை. பற்றைக் குறைக்க வேண்டுமென்றால் எல்லோரும்தான் குறைக்க வேண்டும். துறவு ஒருவருக்குக் கட்டாயமாகவும் இன்னொருவருக்கு விருப்பமாகவும் இருந்தால், கட்டாயப்படுத்தப்பட்டவருக்கு அது தண்டனை.

இன்னொன்றும் உண்டு. பௌத்த மரபு வேட்கையை மூன்றாகச் சொல்கிறது. புலன் இன்பத்துக்கான வேட்கை காம தண்ஹா. இப்படி ஆக வேண்டும், நிலைக்க வேண்டும் என்பது பவ தண்ஹா. மூன்றாவது விபவ தண்ஹா, இல்லாமல் போக வேண்டும் என்ற வேட்கை. அந்தத் தம்பி தியானத்தில் உட்கார்ந்து, "நான் இப்படி இல்லாமல் போய்விட வேண்டும்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஆண்கள் மேல் இருந்த ஈர்ப்பு அல்ல, இந்த மூன்றாவது வேட்கைதான். இதை அவரிடம் சொன்னபோது நீண்ட நேரம் அழுதார். ஆலோசகராக எனக்குக் கவலை தருவதும் அதுதான். 'இந்தக் குணம் இல்லாமல் போகட்டும்' என்பது, 'நானே இல்லாமல் போகட்டும்' என்று மாற அதிக நாள் ஆவதில்லை.

சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் 'சல்லத்த சுத்த' என்றொரு போதனை இருக்கிறது. ஒருவன் மீது அம்பு தைக்கிறது, வலிக்கிறது. அதோடு இன்னோர் அம்பும் தைத்தால்? பயிற்சி இல்லாத மனம், உடலுக்கு நோவு வந்ததும் புலம்பி, மார்பில் அடித்துக்கொண்டு, இரண்டாவது வலி ஒன்றையும் அனுபவிக்கிறது என்கிறார் புத்தர். பயின்ற மனத்துக்கு முதல் வலி மட்டும்தான். எங்கள் தொழிலில் இதைப் பலரும் எடுத்துச் சொல்வோம், நானும் சொல்வேன். ஆனால் தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு, நீ கண்டுக்காம இரு" என்று குடும்பம் கைகழுவிவிட இது வசதியாகிவிடுகிறது.

முதல் அம்பு யார் எய்தது என்று கேட்காமல் இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை. இடைநிலைப் பள்ளியில் 'பொண்டான்' என்று, பெண்மை உள்ள ஆணை இழிவுசெய்யும் மலாய்ச் சொல்லால் கூப்பிட்ட குரல் மனம் கற்பித்துக்கொண்டது அல்ல. கல்யாண மண்டபத்தில் நாலு பேர் முன்னால் மாமா நடை நடந்து காட்டிச் சிரித்தது கற்பனை அல்ல. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும், தம்பி கல்யாணத்தில் மேடைக்கு வராதே என்று அப்பா சொன்னதும் நடந்தவை. இந்த அம்புகள் வெளியிலிருந்து வருகின்றன. இரவில் படுத்தபடி "நான் அழுக்கு, நான் அம்மாவைக் கொல்றேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது இரண்டாவது. அதைப் பிடுங்க என்னால் உதவ முடியும். பிடுங்கியும் இருக்கிறோம். ஆனால் அவர் பத்து வருடம் கண்ணை மூடி உட்கார்ந்தாலும் மாமாவின் வாய் மூடாது. மாமாவின் வாயை மூட வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள்.

கருணையும் சமத்துவமும் இங்கேதான் ஒன்றையொன்று தொடுகின்றன என்று நினைக்கிறேன். அடிபட்டவரைத் தடவிக்கொடுப்பது மட்டும் போதாது, அடி விழாமல் தடுப்பதும் கருணைதான். "எங்க பிள்ளை, என்ன பண்றது, ஏத்துக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு, அவருடைய துணைவரைத் தீபாவளிக்கு வீட்டுப் படியேற விடாத குடும்பங்களைப் பார்க்கிறேன். மருமகனுக்கு இலை போடும் வீட்டில் இவருக்கும் இலை விழ வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் என்னால் ஏற்பு என்று சொல்ல முடியவில்லை.

கர்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மாக்கள் அதில்தான் அதிகம் உடைகிறார்கள். "போன ஜென்மத்துல நான் என்ன பாவம் பண்ணேனோ." சீவகன் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் கேட்ட கேள்வியை அவர்களுக்குச் சொல்வேன். மனிதன் அனுபவிக்கும் எல்லாமே முன்வினைதான் என்கிறார்களே, உண்மையா? புத்தர் அதை ஏற்கவில்லை. பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் செய்யும் தாக்குதல் என்று ஏழு காரணங்களை அடுக்கிவிட்டு, வினைப்பயனை எட்டாவதாகத்தான் சொன்னார். எல்லாவற்றையும் முன்வினையில் போடுவது, கண்ணால் காண்பதையே மீறிப் பேசுவது என்றார். பிள்ளையின் ஈர்ப்பு யாருடைய பாவமும் இல்லை. அதற்காக அந்தப் பிள்ளையை அடித்தால், அந்த அடி இன்றைய வினை.

கட்டாயக் கல்யாணத்தைப் பற்றி நான் கோபமாகத்தான் எழுதுவேன். "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று தோட்டத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கட்டிவைக்கிறார்கள். அவளிடம் எவரும் எதுவும் சொல்வதில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பி, உடம்பு இளைக்கப் பட்டினி கிடந்து, பிறகு குழந்தை இல்லையே என்று மாமியாரிடம் பேச்சும் வாங்கி, வருடங்கள் கழித்து என் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்கள் இருக்கிறார்கள். பௌத்தத்தில் இல்லறத்தாருக்கான மூன்றாவது சீலம், அதாவது ஒழுக்க விதி, தகாத காம ஒழுக்கத்தை விலக்குவது. அதற்குப் புத்தரின் போதனை நூல்கள் தரும் விளக்கம், பெற்றோர் உடன்பிறந்தோர் காவலில் இருப்பவர், கணவன் உள்ளவர், நிச்சயிக்கப்பட்டவர் என்று பிறருடைய காப்பையும் நம்பிக்கையையும் மீறுவதைத்தான் பட்டியலிடுகிறது. ஆண் ஆணை விரும்புவது அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஏமாற்றி மருந்தாக அரைத்துக் கொடுப்பதை அந்தச் சீலத்தின் உணர்வோடு எப்படிப் பொருத்துவது? எனக்குத் தெரிந்த வரையில் வழியே இல்லை.

பௌத்தம் என்றாலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூல்கள் 'பண்டகர்' என்று குறிக்கும் சிலருக்குத் துறவேற்பு மறுக்கின்றன. அது யாரைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் இலங்கையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் பிரிட்டிஷ் காலத்து 365, 365ஏ பிரிவுகள் ஏட்டில் இருக்க, அவற்றை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபக்கம், தைவானில் சாவ்ஹுவேய் என்ற பிக்குணி 2012-இல் இரண்டு பெண்களுக்கு புத்தர் முன்னிலையில் திருமணம் நடத்திவைத்தார். அங்கே சட்டம் அதை ஏற்க இன்னும் ஏழு வருடம் ஆனது. 2019 மே 24 அன்று ஆசியாவிலேயே முதலாவதாக அது நடந்தது. போதனை ஒன்றுதான், மனிதர்கள் அதை எந்தக் கையால் எடுக்கிறார்கள் என்பதில் வேறுபடுகிறார்கள்.

சட்டத்தைப் பற்றிப் பெற்றோர் பயந்துதான் கேட்பார்கள். "போலீஸ் வீட்டுக்கு வருமா?" நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் குறிப்பிட்ட சில பாலுறவுச் செயல்களுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. அதன் வாசகத்தைப் படித்தால் ஆணும் பெண்ணும் செய்தாலும் பொருந்தும். முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்களும் தனியாக உண்டு. சட்டம் செயலைத்தான் குறிக்கிறது. ஒருவர் தன் ஈர்ப்பைப் பெற்றோரிடமோ ஆலோசகரிடமோ சொல்வதை இந்தப் பிரிவுகள் குற்றமாக்கவில்லை. ஆனாலும் அந்தப் பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கும் அதுதான் ஆயுதம். புகார் கொடுக்கப் போனால் தானே மாட்டிக்கொள்வோமோ என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இதன் வேர் பிரிட்டிஷார் 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. வயது வந்தவர்கள் மனமொத்துச் செய்வது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெற்கே சிங்கப்பூர், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய தன் 377ஏ பிரிவை 2022-இல் நாடாளுமன்றத்தில் நீக்கியது. வடக்கே, நாம் வார இறுதியில் காரெடுத்துச் சாப்பிடப் போகும் தாய்லாந்தின் ஹாட்யாயில், 2025 ஜனவரி 23 முதல் இரண்டு ஆண்கள் சட்டப்படி திருமணம் பதிவு செய்துகொள்ளலாம். வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தை நம் பண்பாடு என்று நாம் காத்து நிற்க வேண்டியதில்லை. நம் பண்பாட்டில் மணிமேகலை இருக்கிறாள். அமுதசுரபியோடு சிறைக்குள் போய்ப் பசியாற்றி, அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கும்படி அரசனிடம் கேட்டு வாங்கியவள் அவள். பாத்திரத்தில் சோறு போட்டதோடு அவள் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

அப்பாக்கள் வேறு மாதிரி. கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரம் உட்காருவார்கள். அவர்களிடம் நான் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷைப் பற்றிச் சொல்வேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் மாதம் தீர்ப்பு எழுதுமுன், தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் எழுதினார். மாற்றும் சிகிச்சை முயற்சிகளையும் அந்தத் தீர்ப்பில் தடை செய்தார். "ஜட்ஜே போய்க் கேட்டாரா?" என்று ஓர் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தெரியாததைக் கேட்பது தலைகுனிவு இல்லை என்று ஒரு பெரிய மனிதர் காட்டிவிட்டால், நம் ஆண்களுக்கு அது பெரிய வழி.

பெற்றோரின் துன்பத்தையும் நான் சிறிதாக நினைப்பதில்லை. பேரப்பிள்ளை என்ற கனவு போகிறது, சொந்தத்தில் தலை நிமிர முடியுமா என்ற பயம் வருகிறது. அதற்கு அழ வேண்டும், நேரம் வேண்டும். அழுவதற்குப் பிள்ளையின் தோளைத் தேடாதீர்கள். அவரே காயத்தோடு இருக்கிறார். அக்காவிடம் அழுங்கள், நெருங்கிய தோழியிடம் அழுங்கள், என்னைப் போன்றவர்களிடம் வாருங்கள். ஆனால் யாரிடம் சொல்லலாம் என்பதைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவருடைய ரகசியம் அவருடையது.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே உதவி தேடுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பழைய பயம் இனி வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண் 15555. ஆலோசகரைத் தேடும்போது 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா, பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்புறம் முதல் அழைப்பிலேயே, என் பிள்ளையை மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். முடியும் என்று சொன்னால், போனை வைத்துவிட்டு வேறு இடம் தேடுங்கள்.