பால்மரத்துக்குள் ஒரு வேதியியல் கணக்கு

பால்வெட்டுக்கு ஏன் இருட்டோடு போனீர்கள் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த பாட்டிமாரைக் கேட்டால், "வெயில் ஏறுனா பால் இறங்காதும்மா" என்பார்கள். அதே ஊரில் படிவம் 6 (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கும் பேத்தி சவ்வூடுபரவல் அழுத்தக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். இரண்டும் ஒரே சங்கதிதான்.

ரப்பர் மரப் பட்டைக்குள் மெல்லிய பால்குழாய்கள் ஓடுகின்றன. பாலில் சர்க்கரைகளும் உப்புகளும் கரைந்திருக்கின்றன. குழாயின் சவ்வு தண்ணீரை விடும், கரைந்ததை விடாது. அதனால் சுற்றியுள்ள திசுவிலிருந்து தண்ணீர் உள்ளே புகுந்து அழுத்தம் ஏறுகிறது. இப்படிச் சவ்வு வழியே தண்ணீர் புகுவதுதான் சவ்வூடுபரவல். விடியலுக்கு முன் அது 10 முதல் 15 அட்மாஸ்பியர் வரை போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 அட்மாஸ்பியர் சொச்சம்தான். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக்கி இழுப்பதால், குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். அழுத்தம் = செறிவு (லிட்டருக்கு எத்தனை மோல்) × 0.0821 என்ற மாறிலி × கெல்வினில் வெப்பநிலை. மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு. 25 டிகிரி என்றால் 298 கெல்வின், பெருக்கினால் 24.5. 12 அட்மாஸ்பியர் வேண்டுமென்றால், லிட்டருக்குக் குறைந்தது அரை மோல் துகள்கள் கரைந்திருக்க வேண்டும். கெல்வினாக மாற்றாமல் 25ஐ அப்படியே போட்டால் விடை 6 மோலை நெருங்கும். அப்படியொரு மரம் உலகத்தில் கிடையாது! விடை எழுதியதும் இப்படி ஒரு தடவை யோசிப்பது, சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட உபயோகம்.

எனக்குப் பிடித்த இடம் இனிதான். ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 300 கிராம் ரப்பர் இருக்கும். அழுத்தம் அதனால்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ரப்பரின் மூலக்கூறு எடை பத்து லட்சம் அளவில் இருக்கிறது. 300ஐ அதால் வகுத்தால் 0.0003 மோல், அழுத்தம் 0.01 அட்மாஸ்பியர்கூட இல்லை. அதே பாலில் 10 கிராம் அளவுக்கு இருக்கும் குவெப்ராக்கிட்டால் என்ற சர்க்கரைவகைப் பொருளின் மூலக்கூறு எடை 194. அது மட்டுமே 1.26 அட்மாஸ்பியர் தருகிறது. இங்கே எடைக்கு மதிப்பில்லை, தலை எண்ணிக்கைக்குத்தான். உப்பு கரைந்தால் இரண்டாகப் பிரியும் என்பதால் அதற்கு 2ஆல் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கு முறையைக் கண்ட டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃபுக்கு 1901இல் வேதியியலின் முதல் நோபல் பரிசு கிடைத்தது.

மரத்தைச் சீவியதும் அழுத்தம் பாலை மங்குக்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. குழாயில் அழுத்தம் குறைந்ததும் தண்ணீர் மறுபடி உள்ளே வருகிறது, பால் நீர்க்கிறது. பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்ற நுண்பைகளுக்குள்ளும் அந்தத் தண்ணீர் புகுந்து, அவை உப்பி வெடிக்கின்றன. உள்ளிருப்பது வெளியே வந்து ரப்பர் துகள்களைத் திரள வைத்து, குழாய் வாயை அடைக்கிறது. பால் நின்றுவிடும். தோட்டங்களில் பட்டையில் தடவும் எத்திபோன் மருந்து இந்த அடைப்பைத் தள்ளிப்போடுகிறது. அதனால்தான் மருந்து போட்ட மரத்தில் பால் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கிறது.