பருப்பு விலை ஏறும்போது: வேகவைத்தலின் வேதியியலும் எரிவாயுக் கணக்கும்

2015-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்திய நகரங்கள் பலவற்றில் துவரம் பருப்பின் விலை கிலோவுக்கு 200 ரூபாயைத் தொட்டது. 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தென்மேற்குப் பருவமழை அடுத்தடுத்துக் குறைந்ததே அதற்கு முதன்மையான காரணம். துவரை பெரும்பாலும் மானாவாரியாக விளைவது. ஐந்து மாதங்களுக்கும் மேலாக நிலத்தில் நிற்பது. ஆகவே மராட்டியத்திலும் கர்நாடகத்தின் கலபுரகிப் பகுதியிலும் மழை தவறினால், மியான்மரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கப்பல்கள் வந்தாலும்கூட அந்தக் குறை தமிழ்நாட்டுச் சாம்பார்ச் சட்டி வரை வந்து சேர்ந்துவிடும். 2023-இல் விலை மறுபடியும் ஏறியது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் மாதந்தோறும் அட்டைக்கு ஒரு கிலோ வீதம் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு பெரிய உதவிதான் என்றாலும், நாளொன்றுக்கு 100 கிராம் போட்டுச் சமைக்கும் நான்கு பேர் குடும்பத்துக்கு அது பத்து நாளைக்குத்தான் வரும்.

விலை ஏறியதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது சாம்பாரில் தண்ணீர் கூடுவதுதான். சோற்றின் அளவு குறைவதில்லை, வயிறும் நிறைந்துவிடுகிறது. எனவே எதுவும் இழந்ததாகத் தோன்றுவதில்லை. இழப்பு எங்கே இருக்கிறது என்பதைப் புரதக் கணக்கு காட்டும். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் 100 கிராம் துவரம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் உள்ளன. ஒரு வேளைக்கு 400 கிராம் அரிசியும் 100 கிராம் பருப்பும் சமைத்தால், எடையில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் பருப்பு, புரதத்தில் கிட்டத்தட்டப் பாதியைக் கொடுத்துவிடுகிறது. அளவைவிடத் தரம் இன்னும் முக்கியமானது. நம் உடலால் தானே உருவாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களில் லைசின் என்பது அரிசியில் குறைவு, பருப்பில் நிறைவு. மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு, அரிசியில் போதுமானது. மேற்சொன்ன உணவில் லைசினின் பாதிக்கும் மேல் பருப்பிலிருந்தே வருகிறது. பருப்பைப் பாதியாகக் குறைத்தால் லைசின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். லைசின் குறைந்தால், தட்டில் இருக்கும் அரிசியின் புரதத்தையும் உடல் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. இட்லி மாவிலும் வெண்பொங்கலிலும் மூன்று நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று வழக்கத்தில் நிலைத்துவிட்ட அளவு, இந்தக் கணக்குக்கு மிக அருகில் வருகிறது.

ஆகவே பருப்பைக் குறைப்பதைவிடப் பருப்பை மாற்றுவதே சரியான சிக்கனம் என்பது என் கருத்து. கொள்ளிலும் துவரையின் அளவுக்குப் புரதம் உண்டு. தட்டைப்பயறிலும் பச்சைப்பயறிலும் சற்றுக் கூடுதலாகவே உண்டு. வேர்க்கடலையில் 25 கிராம் வரை உண்டு. துவரை விலை ஏறும் காலத்தில் இவற்றில் ஏதேனும் ஒன்றாவது மலிவாகக் கிடைப்பது வழக்கம். (விலை ஏற்றத்தின்போது துவரம் பருப்பைப் போலவே தோன்றும் கேசரிப் பருப்பு கலப்படமாக வருவதுண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதில் உள்ள நரம்பு நச்சு, நாள்தோறும் பெருமளவில் தொடர்ந்து உண்டால் கால்களை முடக்கக்கூடியது. 1961-இல் இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டதற்கு அதுவே காரணம்.) ஆனால் முழுப்பயறுக்கு மாறும் வீட்டில் உடனே எழும் குறை ஒன்றுண்டு: அது எளிதில் வேகாது. கடையில் மிச்சப்பட்ட பணம் அடுப்பில் செலவாகிவிட்டால் மாற்றியதில் பொருளில்லை. அதனால் ஒரு பயறு வேகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும்.

பயறின் உட்பகுதி, மாவுச்சத்தும் புரதமும் அடைத்த நுண்ணிய செல்களால் ஆனது. செங்கற்களுக்கு இடையே பூசிய காரையைப் போல, ஒரு செல்லை அடுத்த செல்லோடு பெக்டின் என்னும் பொருள் ஒட்டிவைத்திருக்கிறது. பருப்பு வெந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது இரண்டு வேலைகள் முடிந்திருக்கின்றன: செல்லுக்குள் இருந்த மாவுச்சத்து நீரை ஏற்று உப்பியிருக்கிறது, செல்களுக்கு நடுவே இருந்த பெக்டின் கரைந்து, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கின்றன. மத்தால் கடைந்தவுடன் மசியும் பருப்பில் இந்த இரண்டாவது வேலை முழுமையாக நடந்திருக்கிறது. சுண்டலில் அது பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது.

இரண்டுக்குமே முதலில் நீர் உள்ளே போயாக வேண்டும். நீர் ஒரு பொருளுக்குள் ஊடுருவ ஆகும் நேரம், அதன் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தோல் நீக்கி உடைத்த மெல்லிய மைசூர்ப் பருப்பை, இலங்கைச் சமையலறைகளில் காண்பதுபோல, ஊறவைக்காமலே திறந்த சட்டியில் சிறிது நேரத்தில் வேகவைத்துவிட முடிவதன் இரகசியம் இதுவே. முழுக் கொண்டைக்கடலைக்கோ தடிமனும் அதிகம், மேலே தோலும் உண்டு. தொடக்கத்தில் நீர் பெரும்பாலும் காம்பு ஒட்டியிருந்த தழும்பை ஒட்டிய சிறு துளை வழியாகவே உள்ளே நுழைகிறது. இந்த வேலையை அடுப்பின் மேல் செய்தால் எரிவாயு செலவாகும். இரவில் ஒரு பாத்திரத்தில் செய்தால் எதுவும் செலவாகாது. எட்டு முதல் பத்து மணி நேரத்தில் முழுப்பயறு ஏறத்தாழத் தன் எடை அளவு நீரைக் குடித்துவிடும். மறந்துபோன நாளில், கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு, அடுப்பை அணைத்து, ஒரு மணி நேரம் மூடிவைத்தால் பெருமளவு அதே பலன் கிட்டும்.

எந்த நீரில் ஊறவைக்கிறோம், எதில் வேகவைக்கிறோம் என்பதும் முக்கியம். ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகாது என்று நம் ஊர்களில் சொல்வது வெறும் எண்ணமன்று. கடினநீரில் உள்ள கால்சியம், மக்னீசிய அயனிகள் பெக்டின் இழைகளுக்கு இடையே குறுக்குப் பாலங்களாக நின்று அவற்றைக் கரையவிடாமல் இறுக்குகின்றன. அப்படிப்பட்ட ஊரில் சமைப்பதற்கு மட்டும் மழைநீரையோ குடிநீர்க் குழாய் நீரையோ பயன்படுத்துவது எரிவாயுவை மிச்சப்படுத்தும். இன்னொரு வழி சமையலறையிலேயே இருக்கிறது: ஊறவைக்கும் நீரில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் உப்பைக் கரைப்பது. உப்பிலுள்ள சோடியம், பெக்டினில் அமர்ந்திருக்கும் கால்சியத்தை ஓரளவு வெளியேற்றி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சோடியத்தால் பாலம் கட்ட முடியாது என்பதால் தோலும் உள்ளீடும் விரைவில் மென்மையாகும். உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்ற பரவலான நம்பிக்கைக்கு நேர் எதிரான முடிவு இது. சமையல் சோடா இன்னும் வேகமாக வேலை செய்யும். காரத்தன்மை (மிளகாயின் காரமன்று, அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ள நீரில் பெக்டின் சங்கிலிகள் எளிதில் அறுபடும். ஆனால் அதே காரத்தன்மை தயமின் என்னும் பி1 வைட்டமினையும் அழித்துவிடும், சுவையிலும் சோப்பு வாடை தட்டும். எனவே உப்பு போதாத இடத்தில் மட்டும், ஒரு சிட்டிகைக்கு மேற்படாமல் சோடாவை வைத்துக்கொள்வது நல்லது.

காரம் கரைக்கும் என்றால் அமிலம் காக்கும். புளிப்பான நீரில் பெக்டின் மிகவும் உறுதியாக நிற்கிறது. புளிக்கரைசலையும் தக்காளியையும் தொடக்கத்திலேயே பருப்போடு போட்டுவிட்டால், வெகுநேரம் கொதித்தாலும் பருப்பு எளிதில் மசியாது. பருப்பைத் தனியே குழைய வேகவைத்து, அதன்பின் புளியைச் சேர்க்கும் சாம்பார் முறையில் இந்த வேதியியல் அடங்கியிருக்கிறது. காய்களுக்கும் இது பொருந்தும். புளிக்குழம்பில் வெண்டைக்காய் குழையாமல் நிற்பதும் இதனால்தான்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சரக்கை மூட்டையாக வாங்குவதில் உள்ள சிக்கலையும் இதே பெக்டின்தான் விளக்குகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் பயறில், ஃபைட்டிக் அமிலம் என்னும் சேமிப்புப் பொருள் பயறின் சொந்த நொதியால் மெல்ல உடைகிறது. அதோடு பிணைந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டு, செல்களுக்கு நடுவே நகர்ந்து, பெக்டினை உள்ளிருந்தே இறுக்கிவிடுகின்றன என்பது இதற்குப் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். அத்தகைய பயறு ஊறும், உப்பும், ஆனால் வேகாது. நம் கடலோர ஊர்களின் கோடை இந்த மாற்றத்துக்கு மிகவும் ஏற்றது. எனவே ஆண்டுச் சரக்கு சேர்ப்பதைவிட, இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டியதை நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே இலாபம்.

இனி அடுப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதிநிலையில் இருக்கும் அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க 2,260 கிலோஜூல், அதாவது ஏழு மடங்குக்கும் மேல் வேண்டும். அடுப்பின் வெப்பத்தில் 60 விழுக்காடு பாத்திரத்தில் இறங்குகிறது என்று கொண்டால், கொதிக்கவைக்க 11 கிராம் எரிவாயுவும், ஆவியாக்க 82 கிராமும் செலவாகும். கணக்குக்காக 14.2 கிலோ சிலிண்டரின் விலையை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்னதற்கு 70 காசும் பின்னதற்கு 5 ரூபாய்க்கு மேலும் ஆகிறது. சமையலறையில் நாம் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் நீராவியைத்தான். தளதளவென்று கொதிக்கும் நீரும், ஓரத்தில் இலேசாகக் குமிழியிடும் நீரும் ஒரே 100 டிகிரியில்தான் இருக்கின்றன. பெரிய தீயால் பருப்பு விரைவாக வேகாது, நீர் மட்டும் விரைவாகக் குறையும். சாதாரணப் பாத்திரத்தில் சமைக்கும்போது, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிபோடுவது பெரிய எரிபொருள் சேமிப்பு.

இந்த 100 டிகிரித் தடையைத் தாண்டுவதற்காகவே பிரஷர் குக்கர் இருக்கிறது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கானதும் நீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரியாகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேதிவினையின் வேகம் இரட்டிக்கும் என்ற பொதுவான தோராயத்தை வைத்தாலே, நான்கு மடங்கு விரைவாக வேகவேண்டும். (உதகமண்டலத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம்: 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு பொறுமையைச் சோதிக்கும்.)

ஆனால் குக்கரை நாம் பயன்படுத்தும் விதத்தில் ஒரு பிழையான அளவுகோல் ஊறிவிட்டது. "நாலு விசில்" என்பது நேரத்தின் அளவன்று. வெயிட் தூக்கி நீராவி சீறுவது, அழுத்தம் தேவைக்கு மேல் போய்விட்டது என்பதற்கான அறிகுறி மட்டுமே. தீ பெரிதாக இருந்தால் நான்கு விசிலும் மூன்று நிமிடத்தில் வந்துவிடும், சிறிதாக இருந்தால் பதினைந்து நிமிடமாகும். பருப்பை வேகவைப்பது 120 டிகிரியில் அது இருக்கும் நேரம். முதல் விசில் வந்ததும் தீயை முழுதும் குறைத்துவிட்டு நிமிடத்தை எண்ணுவதே துல்லியமான முறை. அதன்பின் வரும் ஒவ்வொரு விசிலும் வெளியே போகும் எரிவாயு. அணைத்தபின் அழுத்தம் தானாக இறங்கும்வரை, பத்து நிமிடம்போல, உள்ளே வெப்பநிலை 100 டிகிரிக்கு மேலேயே இருக்கும் என்பதால் கடைசிக் கட்ட வேகல் இலவசமாக நடக்கிறது. கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுகிறவர்கள் அதைக் காற்றில் விடுகிறார்கள்.

இந்த மிச்ச வெப்பத்தையே முழுமையாகப் பயன்படுத்தும் கருவி ஒன்று கேரளத்தில் பரவலானது. அந்த மாநிலத்தின் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்து பரப்பிய 'சூடாறாப்பெட்டி'யில், சிறிது நேரம் கொதித்த மட்டை அரிசியைப் பானையோடு இறக்கி மூடிவிட்டால், வெப்பம் வெளியேறாமல் அரிசி தானே வெந்துவிடும். தடித்த துணிகளால் பொதிந்த கூடையும் இதே வேலையைச் செய்யும். இதில் ஒரு விலக்கு உண்டு: சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம், 80 டிகிரி போன்ற மிதமான சூட்டில் அழிவதில்லை. அதை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, குக்கரிலேயே நன்றாக வேகவைக்க வேண்டும். பெட்டியை நம்பக் கூடாது.

கடைசியாக, எந்த நீரைக் கொட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி. முழுப்பயறு ஊறிய நீரில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் ஓரளவு இறங்கியிருக்கும். நம் சிறுகுடலால் செரிக்க முடியாத அவற்றைப் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்வதே வாயுத் தொல்லைக்குக் காரணம் என்பதால், அந்த நீரைக் கொட்டிவிடலாம். ஒருநாள் முளைகட்டினால் அவை மேலும் குறையும். ஆனால் வேகவைத்த நீரின் கதை வேறு. அதில் பொட்டாசியமும், நீரில் கரையும் பி வைட்டமின்களும், கொஞ்சம் புரதமும் இறங்கியிருக்கின்றன. கொங்கு வட்டாரத்தில் கொள்ளை வேகவைத்து, பயறைக் கடைசலுக்கோ பருப்புக்கோ எடுத்துக்கொண்டு, வடித்த நீரில் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைக்கிறார்கள். ஒரே குக்கர், ஒரே எரிவாயு, இரண்டு குழம்பு. இரசத்தில் இறக்கியபின் பிழியும் அரை மூடி எலுமிச்சை, பயறில் உள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளவும் உதவுகிறது.