ஷெட்டில் கிடந்த மோட்டோகிராஸ் வண்டியை எடுத்ததும் கிக் அடிக்காதீர்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. 1974 மாடல் ஹோண்டா சிஆர்250எம் எல்சினோர், மண் தடத்தில் பந்தயம் ஓட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி, இருபது வருடத்துக்கு மேல் ஷெட்டில் கிடந்தது. வாங்கியவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டு, புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றியிருக்கிறார். சில கிக்கிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. திறந்தால், கனெக்டிங் ராடின் கீழ்ப்பக்க பேரிங்கில் ரோலர்களைப் பிடித்து வைக்கும் கேஜ் உடைந்து, துண்டுகள் பெட்ரோல் கலவை மேலே போகும் வழியான டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக ஏறி, பிஸ்டன், பிளாக், ஹெட் மூன்றையும் குதறியிருக்கின்றன. கிராங்க் சுற்றும் கீழ் அறையான கிராங்க்கேஸில் விரிசல் வேறு. கிக் அடிப்பதற்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒரு ராட் செட், இரண்டு மெயின் பேரிங், இரண்டு ஆயில் சீல், கேஸ்கெட் என்று முடிந்திருக்கும்.

"ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்கத்தான் அடிச்சேன், நல்ல கம்ப்ரெஷன் இருந்துச்சே" என்றார். கிட்டத்தட்ட எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் இதை மட்டும் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

கிக்கரை மிதிக்கும்போது காலுக்குத் தெரிகிற எதிர்ப்பு பிஸ்டனுக்கு மேலே உள்ள சங்கதி. ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) ஓரளவு பொருந்தியிருக்கின்றன, ஹெட் கேஸ்கெட் போகவில்லை, அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும். அதுகூட நிச்சயமில்லை. பிளக் ஓட்டையில் ஆயில் விட்டுவிட்டு மிதித்தால் தேய்ந்த ரிங்கும் நல்ல கம்ப்ரெஷன் காட்டும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்து "போர் பளபளவென்று இருக்கிறது" என்று திருப்திப்படுபவர்களுக்கும் இதே பதில்தான். பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் எப்படி இருக்கிறது என்பதை கம்ப்ரெஷனும் காட்டாது, பளபளக்கும் போரும் காட்டாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆபத்து எப்போதும் கீழேதான் காத்திருக்கிறது.

கிராங்க்கேஸுக்குள் ஆயில் தேங்கி நிற்காது. கியர்பாக்ஸ் ஆயில் வேறு அறை, பெரும்பாலும் அது கிராங்க் பேரிங் பக்கமே போகாது. கடைசியாக ஓடிய நாளில் பெட்ரோலோடு வந்த ஆயிலின் மெல்லிய படலம்தான் பேரிங்குக்குப் பாதுகாப்பு. அது வருடக்கணக்கில் நிற்காது. குளிர்ந்து சூடாகும் ஒவ்வொரு நாளும் உள்ளே ஈரம் படிந்து கீழே இறங்கும். ரோலர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், அந்தந்தத் தொடுமிடத்தில் துரு புள்ளிபுள்ளியாகத் தின்னும். கையால் சுற்றிப் பார்த்தால் இது தெரியாது. பெரும்பாலும் மென்மையாகவே சுற்றும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும்போதுதான் அந்தக் குழிகள் ரோலரையும் கேஜையும் அடித்து உடைக்கும்.

அடுத்தது கிராங்கின் இரண்டு முனையிலும் உள்ள ஆயில் சீல். ரப்பர் இறுகிப்போய் ஷாஃப்டோடு ஒட்டியிருக்கும், ஷாஃப்டில் அதே இடத்தில் வளையமாகத் துரு ஏறியிருக்கும். முதல் கிக்கிலேயே சீலின் உதடு கிழியும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும், அதையாவது கண்ணால் பார்த்துவிடலாம். பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட் இருக்கும் பக்க சீல் போனால் காற்றை இழுக்கும். புகை குறையும், ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சுற்று இறங்காது, சில சமயம் தானாகவே ஏறும். பலர் இதை "இன்ஜின் சூப்பரா திறந்துடுச்சு" என்று நினைக்கிறார்கள். பெட்ரோல் குறைந்து காற்று கூடிப்போன இன்ஜினின் சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சூட்டில் இறுகி சீஸ் ஆகும், அல்லது அதன் தலையில் ஓட்டை விழும்.

இங்கே இன்னொரு தவறான வைத்தியமும் உண்டு. "பழைய இன்ஜின்தானே, ஆயிலைக் கூடக் கலந்துட்டா பாதுகாப்பு" என்பார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட்டின் துளை அளவு மாறவில்லை. அதன் வழியே போகும் கலவையில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், அதாவது இன்னும் லீன் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாதது) ஆகும். காற்று இழுக்கும் இன்ஜினுக்கு இது தீங்கு. அந்த இன்ஜினின் மேனுவல் சொல்லும் விகிதத்தில், நல்ல ஆயிலைக் கலந்தால் போதும்.

பிரித்தால் வண்டியின் மதிப்பு போய்விடும் என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜிய மோட்டோகிராஸ் வீரர் ரோஜர் டிகோஸ்டர் 1971-லிருந்து 1976-க்குள் ஐந்து முறை 500 சிசி உலகப் பட்டம் வென்ற காலத்து வண்டிகள் இவை. அப்போதே சில பந்தயங்களுக்கு ஒரு முறை திறந்து, ரிங்கும் பிஸ்டனும் மாற்றித்தான் ஓட்டினார்கள். பிரிப்பதற்காகவே கட்டிய இன்ஜின்கள். உடைந்த கிராங்க்கேஸ்தான் மதிப்பைக் கெடுக்கும், அதற்கு மாற்று கிடைப்பதும் அபூர்வம்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. கிக்கரைத் தொடாதீர்கள். முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். பழைய ஃபோம் ஃபில்டர் கை வைத்தாலே பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடி நேராக கார்புரேட்டருக்குள் போகும். அதே பெட்டியிலும் சைலன்சரிலும் எலி கூடு கட்டியிருக்கலாம். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். ஜாம் ஆகியிருந்தால் பிளக் ஓட்டையில் ஊறும் ஆயில் விட்டு நாட்கணக்கில் காத்திருங்கள். பிஸ்டனைச் சுத்தியலால் தட்டாதீர்கள், கியர் போட்டு வண்டியைத் தள்ளாதீர்கள், கிக்கரில் ஏறிக் குதிக்காதீர்கள். ஜாம் விட்டாலும் இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டும்.

பிரிப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜப்பான் வண்டிகளின் ஸ்க்ரூ தலை பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு. சரியான பிட்டும் இம்பாக்ட் டிரைவரும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மேக்னெட்டுக்கு அதற்குரிய புல்லர் வேண்டும், சில வண்டிகளில் அது இடது மரை. கேஸ் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் கேஸ்கெட் முகம் போயிற்று. அந்தக் காலத்து ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் கேஸ் மக்னீசியம், அதை அரைக்கும்போது வரும் தூள் தீப்பிடிக்கும்.

ஆயில் சீல் வாங்கும்போது "அந்தக் காலத்து ஒரிஜினல், பிரிக்காத பாக்கெட்" என்று ஆசைப்படாதீர்கள். பிஸ்டன் என்றால் வாங்குங்கள், ஐம்பது வருடமானாலும் அலுமினியம் அலுமினியம்தான். ரப்பர் பாக்கெட்டுக்குள்ளேயே கிழடாகிவிடும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் அளந்து புதிதாகத் தயாரான சீலை வாங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் விட்டான் என்ற வகை ரப்பர் நல்லது. அதே எத்தனால் பழைய ஃபைபர் கிளாஸ் டாங்கின் ரெசினையும் கரைக்கும், அதையும் பாருங்கள். மெயின் பேரிங்கின் எண் அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும். பெரும்பாலும் சி3 இடைவெளி (வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்) கொண்டதுதான் தேவைப்படும்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து தரும் சக தொழிலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: போர்ட் விளிம்புகளைச் சாய்த்து மழுக்காமல் பிளாக்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கூர்மையான விளிம்பில் ரிங் மாட்டி உடையும். போரிங்கே சரியில்லை என்று பேர் வரும்.

உடம்பு விஷயம் இரண்டு, தயவுசெய்து கவனியுங்கள். அந்தக் காலத்து பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேஸ்கெட் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்று அடிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அந்தத் தூள் நுரையீரலில் உட்கார்ந்து, பல பத்தாண்டுகள் கழித்து நோயாக வரும். ஈரப்படுத்தித் துடைத்து, துணியோடு கவரில் கட்டிவிடுங்கள். நுண்தூளுக்கான மாஸ்க் போடுங்கள், கைக்குட்டை போதாது. இன்னொன்று, நசுங்கிய எக்ஸாஸ்ட் பைப்பை பிரேக் கிளீனரில் கழுவிவிட்டு வெல்டிங் வைப்பது. குளோரின் உள்ள கிளீனர் வெல்டிங் வெப்பத்தில் பாஸ்ஜீன் வாயுவாக மாறும், கொஞ்சம் சுவாசித்தாலே உயிருக்கு ஆபத்து. வெல்டிங் வைக்கப் போகும் எதிலும் அந்தக் கிளீனர் படக் கூடாது.

எல்லாம் கட்டி முடித்த பிறகும் உடனே கிக் அடிக்காதீர்கள். இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் ரப்பரால் அடைத்து, கைப் பம்பால் 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள். கூடுதலாக ஏற்றினால் சீல் பிதுங்கும். 6 நிமிடம் மீட்டர் முள் கிட்டத்தட்ட அப்படியே நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.-க்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். அப்புறம் இதையே உறிஞ்சியும் சோதியுங்கள், வெளியே போகும் காற்றைத் தாங்கும் சீல் உள்ளே வரும் காற்றை விட்டுவிடலாம். கார்புரேட்டர் ரப்பரில் முடிபோல வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கில் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் பாதிக்கு அது அறுந்து தொங்கும். சுற்று தானாக ஏறினால் கில் ஸ்விட்ச்சை அழுத்துங்கள், நிற்கவில்லை என்றால் கார்புரேட்டர் வாயைத் தடித்த துணியால் அடையுங்கள். மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். சூடானதும் நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள், இப்படிச் சில தடவை. பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள், வெளுத்திருந்தால் ஓட்டாதீர்கள். முதல் தடவை ஆறியதும் ஹெட் நட்டுகளையும் சிலிண்டர் அடி நட்டுகளையும் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு மறுபடி இறுக்குங்கள்.