சிறுநீர்த் தொற்றுக்குப் பின் குழந்தைக்குச் சிறுநீரக ஸ்கேன்: இங்கிலாந்தில் யாருக்கு, எப்போது?

குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சல் விட்டதும், சிறுநீரகத்துக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்ற பயம் பெற்றோரைப் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் யாருக்கு எந்தப் பரிசோதனை என்பதை சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. 2007இல் வந்தது, 2022இல் புதுப்பித்தார்கள். இது சட்டம் அல்ல, ஆனாலும் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் மருத்துவர்கள் இதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் கிடையாது. ஆறு மாதம் தாண்டிய குழந்தை மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் தேறிவிட்டால், முதல் தொற்றுக்கு வழக்கமாக எதுவும் எடுப்பதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு, தேறினாலும் 6 வாரத்துக்குள் அல்ட்ராசவுண்ட் உண்டு.

தொற்றால் சிறுநீரகத்தில் விழுந்த தழும்பைக் காட்டுவது டி.எம்.எஸ்.ஏ. (DMSA) ஸ்கேன். மூன்று வயதுக்குக் கீழே என்றால், தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ இதை எடுக்க வேண்டும். 48 மணி நேரத்தில் மருந்துக்குக் கேட்காதது, சிறுநீர் சரியாகப் போகாதது, வழக்கமாகத் தொற்றைத் தரும் ஈ.கோலை அல்லாத வேறு கிருமி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியிருப்பது எல்லாம் வழக்கத்துக்கு மாறானவைதான். மூன்று வயதுக்கு மேலே, திரும்பத் திரும்ப வந்தால் மட்டும்.

இந்த ஸ்கேனுக்கு, கையில் ஊசி வழியாகக் கொஞ்சம் கதிரியக்க மருந்து ஏற்றுவார்கள். சில மணி நேரம் கழித்துக் குழந்தையை அசையாமல் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். நல்ல திசு மருந்தை இழுத்துக்கொள்ளும். தழும்பு விழுந்த இடம் இழுக்காது.

இதைத் தொற்று வந்த 4 முதல் 6 மாதம் கழித்தே எடுப்பார்கள். முன்பே எடுத்தால், தானாக ஆறிவிடும் வீக்கமும் தழும்பு மாதிரியே தெரியும். இந்த இடைவெளிதான் எனக்குக் கவலை. பிள்ளை ஓடியாடும்போது ஸ்கேன் நினைவே வராது, வீடு மாறினால் கடிதமும் வந்து சேராது. நாலு மாதம் ஆகியும் தேதி வராவிட்டால் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) கேளுங்கள். நடுவில் மறுபடி தொற்று வந்தால் உடனே சொல்லுங்கள். முன்கூட்டியே எடுக்கலாமா என்று பார்ப்பார்கள்.

ஒரு பக்கம் மட்டும் சின்னத் தழும்பு என்றால், பொதுவாக நீண்டகாலக் கண்காணிப்பு வேண்டாம். இரண்டு சிறுநீரகத்திலும் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் என்றால் குழந்தைகள் சிறுநீரக நிபுணர் தொடர்ந்து பார்ப்பார். என்.எச்.எஸ். சிகிச்சைக்கு உரிமையுள்ள குழந்தைக்கு இதற்கெல்லாம் கட்டணம் இல்லை.