‘டக்... டக்...’ என்று ஹார்ட் டிஸ்க் தட்டுவது ஏன்?

கணினியை ஆன் செய்கிறோம். ஹார்ட் டிஸ்க் சுற்றத் தொடங்குகிறது. வழக்கமான மெல்லிய கரகரப்பு வர வேண்டிய இடத்தில் ‘டக்... டக்... டக்’ என்று சத்தம். சற்று அமைதி, மறுபடி ‘டக்’. பதறிப்போய் ஆஃப் செய்து ஆன் செய்து, அதையே பத்து முறை செய்து பார்க்கிறோம். டேட்டாவுக்கு எமன் பெரும்பாலும் அந்தப் பத்து முறைதான்.

உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க் 7200 வேகத்தில் சுற்றும்போது தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் எழும் காற்றுப் படலத்தின் மேல், டேட்டாவைப் படித்து எழுதும் ‘ஹெட்’ மிதக்கிறது. தட்டுக்கும் அதற்கும் இடைவெளி சில நானோமீட்டர்கள். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

தான் எந்தத் தடத்தின்மேல் நிற்கிறோம் என்று ஹெட்டுக்கு எப்படித் தெரியும்? தொழிற்சாலையிலேயே தட்டு முழுக்க ‘சர்வோ’ குறிகளைப் பதித்துவிடுகிறார்கள், சாலையோர மைல்கல் மாதிரி. ஹெட் பழுதானால் அவற்றைப் படிக்க முடியாது. திசை தெரியாமல் அதைத் தாங்கும் கை தன் எல்லைவரை போய் முட்டித் திரும்பும். நமக்குக் கேட்கும் ‘டக்’ அதுதான். பெரும்பாலும் ஹெட்தான் காரணம், ஆனால் எல்லா நேரமும் அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஹெட் உடைந்து தட்டில் உரசிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் பூச்சு தூளாக உதிரும். அந்தத் தூள்தான் உங்கள் புகைப்படங்கள். அதை எந்த ஆய்வகமும் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

டிஸ்க் சுற்றவே இல்லை என்றால் சில சமயம் அது நல்ல செய்தி. மின்னழுத்தம் எகிறி சர்க்யூட் போர்டு மட்டும் போயிருக்கலாம். அதே மாடல் போர்டு வாங்கி மாட்டினால் போதும் என்பது பழைய டிஸ்க்குகளோடு போன வைத்தியம். இன்றைய போர்டில் ‘ரோம்’ என்றொரு சிறிய நினைவகச் சிப் இருக்கும். அந்த ஒரு டிஸ்க்கின் ஹெட்டுகளுக்கென்றே அளந்து வைத்த எண்கள் பலவும் அதில்தான். அதைப் பெயர்த்துப் புதிய போர்டில் பற்ற வைத்தால்தான் டிஸ்க் பேசும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வித்தையை மறந்துவிடுங்கள். தட்டில் ஈரம் படிந்தால் இருந்த வாய்ப்பும் போச்சு.

ஹெட்டை மாற்றத்தான் வேண்டுமென்றால், தூசி வடிகட்டிய காற்று பாயும் மேசையில் திறந்து, அதே வகை டிஸ்க் ஒன்றின் ஹெட் தொகுதியைக் கழற்றி இதில் பொருத்துவார்கள். இரண்டு ஹெட்டுகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவே சீப்பு போன்ற ஒரு கருவி. இந்த இரவல் ஹெட் ஆயுசுக்கும் உழைக்க வேண்டியதில்லை, நகல் எடுத்து முடியும்வரை தாங்கினால் சரி.

நகல் எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. சாதாரண காப்பி, கெட்டுப்போன செக்டரில் (தட்டில் டேட்டா எழுதும் சிறு கட்டம்) மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப முட்டும். ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற மென்பொருள் அங்கே மல்லுக்கட்டாது. சுலபமாகப் படிக்கிற பகுதிகளை முதலில் அள்ளும். முரண்டு பிடிப்பதைத் தாண்டிப் போய், எதை விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். கடைசியில்தான் அவற்றிடம் திரும்பும். கோப்புகளைத் தேடுவதெல்லாம் அந்த நகலில். மூல டிஸ்க்கில் விண்டோஸின் பழுது பார்க்கும் கருவியான ‘செக்டிஸ்க்’ ஓட்டினால் அது திருத்துகிறேன் என்று எழுத ஆரம்பித்துவிடும்.

2003-ல் சிதறிய கொலம்பியா விண்கலத்தின் இடிபாடுகளிலிருந்து கருகிய டிஸ்க் ஒன்று கிடைத்தது. செனான் வாயுச் சோதனையின் அளவீடுகள் அதில் இருந்தன. வெளிப்புறம் உருகி, உள்ளே தூசி புகுந்து தட்டில் பள்ளங்கள் விழுந்திருந்தன. தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு டிஸ்க்கின் உடலில் பொருத்தி 99 சதவீதம் மீட்டார்கள். அந்தச் சோதனைக் கணினியில் ஓடியது பழைய இயங்குதளமான டாஸ். அது டேட்டாவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இறைக்காமல் ஒரு பக்கமாக எழுதியிருந்தது. பள்ளங்கள் விழுந்ததோ எதுவும் எழுதப்படாத பகுதியில்.