ஹட்சாலா: சொல்லும் பொருளும்

யூதர்கள் சேர்ந்து வாழும் ஊர்களில், அந்தச் சமூகத்தாரே சம்பளம் வாங்காமல் நடத்தும் ஆம்புலன்ஸ் சேவைக்கு ஹட்சாலா என்று பெயர். நியூயார்க், லண்டன், மெல்பர்ன், ஜொகன்னஸ்பர்க், ஆண்ட்வெர்ப் எனப் பல நகரங்களில் இப்படிக் குழுக்கள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனித்தனி அமைப்பு. பெயர் மட்டும் பொது.

அந்தப் பெயரும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. இஸ்ரேலில் 'ஹட்சாலா'. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கனாசி யூதர்களின் வாயில் இந்த 'ஆ' ஒலி 'ஓ' ஆகிவிடும். அதனால் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலும் லண்டனிலும் 'ஹட்சோலா' என்பார்கள். இரண்டும் சரிதான். எந்த ஊர்க் குழுவைப் பற்றி எழுதுகிறோமோ அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறபடி எழுதுவது நல்லது.

சொல் எபிரேயம். 'ஹிட்சீல்' என்ற வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் இது. மீட்பு, காப்பாற்றுதல் என்று அகராதிப் பொருள் சொல்லிவிடலாம். ஆனால் பழைய நூல்களில் இந்த வினை வருகிற இடங்களைப் பார்த்தால்தான் அதன் வேகம் தெரியும். தாவீது சவுல் அரசனிடம், தன் மந்தையில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போன சிங்கத்தையும் கரடியையும் துரத்திப் போய் அதன் வாயிலிருந்து பறித்ததாகச் சொல்கிறான். அங்கே வருவது இந்த வினைதான். தமிழ் விவிலியம் அதைத் 'தப்புவித்தேன்' என்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி இன்னும் கடுமையாகப் பேசுகிறார்: மேய்ப்பன் சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு கால்களையோ காதில் ஒரு துண்டையோ பிடுங்கி எடுப்பதைப் போல என்கிறார். அங்கும் இதே வினை. ஒன்றின் பிடியில் போய்விட்டதைப் பறித்தெடுப்பது என்பதே இதன் அடிப்படைப் பொருள்.

'ஹட்சாலா' என்ற பெயர்ச்சொல் எபிரேய விவிலியத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. யூதர்களை அழிக்க ஆணை பிறந்த வேளையில் எஸ்தர் அரசிக்கு மொர்தெகாய் சொல்லி அனுப்பும் செய்தியில் (எஸ்தர் 4:14). நீ பேசாமல் இருந்தாலும் யூதருக்குச் 'சகாயமும் இரட்சிப்பும்' வேறொரு இடத்திலிருந்து எழும்பும் என்று அந்த வரி தமிழில் உள்ளது. அந்த 'இரட்சிப்பு'தான் மூலத்தில் ஹட்சாலா.

ஆம்புலன்ஸில் இந்தச் சொல் ஏறியது 1960களின் பிற்பகுதியில். புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் ரபி (யூத மதகுரு) ஹெர்ஷல் வெபர் இதைத் தொடங்கினார். அவசரத்துக்கு அழைத்தால் வண்டி வந்துசேரத் தாமதம். வந்தவர்களுக்கு இத்திஷ் மொழி மட்டுமே சரளமாகத் தெரிந்த பெரியவர்களின் பேச்சு புரியாது, மரபில் ஊறிய ஹசிடிக் பிரிவு யூதக் குடும்பங்களின் பழக்கவழக்கமும் தெரியாது. பக்கத்து வீட்டிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்துவிட்டால் இந்தச் சிக்கல் எல்லாம் தீரும் என்பதுதான் யோசனை. இன்றுவரை வேலை அப்படித்தான் நடக்கிறது. அழைப்பு வந்ததும் தகவல் எல்லா உறுப்பினர்களின் ரேடியோவுக்கும் போகும். யார் மிக அருகில் இருக்கிறாரோ அவர் கடையில் நிற்கும் வாடிக்கையாளரையோ பாதிச் சாப்பாட்டையோ விட்டுவிட்டுச் சொந்தக் காரில் கிளம்புவார். டிக்கியில் ஆக்சிஜன் சிலிண்டர், இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி, கட்டுத்துணி எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். வேறு சிலர் ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு பின்னால் வருவார்கள். இதயம் நின்றுவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை சேதமாகத் தொடங்கும் என்பதால், முதல் ஆள் வண்டிக்காகக் காத்திருப்பதில்லை. நோயாளியிடம் கட்டணம் கேட்பதில்லை, நன்கொடைதான் வருமானம். நோயாளி யூதரா என்று பார்ப்பதும் இல்லை.

ஓய்வுநாளில் இதெல்லாம் எப்படி முடியும்? வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை கார் ஓட்டுவதும் போன் எடுப்பதும் வைதிக யூதருக்கு விலக்கு. ஆனால் 'பிக்குவாஹ் நெஃபெஷ்', அதாவது உயிர் காத்தல், அதற்காக ஓய்வுநாள் விதியை மீறலாம், மீறத்தான் வேண்டும். இந்தத் தொடரில் உள்ள 'பிக்குவாஹ்', இடிபாட்டை அகற்றுவதைக் குறிக்கும் சொல். யூதர்களின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி சொல்வது இது: ஓய்வுநாளில் ஒருவர் மேல் கட்டடம் இடிந்து விழுந்தால், உள்ளே ஆள் இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா, யூதரா வேறு இனத்தவரா என்பதெல்லாம் சந்தேகமாக இருந்தாலும் இடிபாட்டை அகற்ற வேண்டும். உயிர் இருப்பது தெரிந்தால் தொடர வேண்டும். இறந்துவிட்டார் என்று தெரிந்தால், ஓய்வுநாள் முடியும்வரை அப்படியே விட வேண்டும்.

சரி, உயிரைக் காப்பாற்றப் போகும்போது கார் ஓட்டலாம், வேலை முடிந்து வீடு திரும்பும்போது? அப்போது ஆபத்து எதுவும் இல்லையே. நியூயார்க்கின் பெரும் சட்ட அறிஞரான ரபி மோஷே ஃபைன்ஸ்டைன், திரும்பவும் ஓட்டலாம் என்று தீர்ப்புச் சொன்னார். இரவெல்லாம் ஊருக்கு வெளியே மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தால் அடுத்த முறை அழைப்பு வரும்போது கால் தயங்கும். அந்தத் தயக்கம் ஓர் உயிரைக் கொன்றுவிடக்கூடும். வேறு அறிஞர்கள் எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. என்றாலும் தன்னார்வலரின் மனசை இவ்வளவு கவனமாக எண்ணிப் பார்த்த தீர்ப்பு என்பதால் எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை.

நியூயார்க் அமைப்பின் முழுப்பெயர் ஹெவ்ரா ஹட்சாலா. 'ஹெவ்ரா' என்றால் ஒன்றுகூடியவர்கள். நண்பனைக் குறிக்கும் 'ஹாவேர்' இதன் உறவுச்சொல். இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் சங்கத்துக்கு 'ஹெவ்ரா கதீஷா' என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. அந்த மரபிலேயே இதற்கும் பெயர் வைத்தார்கள். இந்தக் கூட்டத்தில் புரூக்ளினில் பெண்களுக்கு இடமில்லை. பிரசவ வேளையில் பெண்ணுக்குப் பெண்ணே உதவ வேண்டும் என்று வழக்கறிஞர் ரூஹி ஃப்ரையர் முன்னின்று 'எஸ்ராஸ் நாஷிம்' (பெண்களின் உதவி) என்ற தனி ஆம்புலன்ஸ் சேவையை அங்கே கொண்டுவந்தார். இஸ்ரேலில் 2006இல் எலி பேர் சிறு குழுக்களை இணைத்து அமைத்த ஒருங்கிணைந்த ஹட்சாலாவில் பெண்களும் அரபு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ட்ரூஸ் மதத்தவரும் இருக்கிறார்கள். நெரிசலில் புகுந்து செல்ல மோட்டார் சைக்கிளில் போவது அவர்கள் வழக்கம். அந்நாட்டின் தேசிய ஆம்புலன்ஸ் அமைப்பு மாகென் தாவித் அதோம். அது வேறு, இது வேறு.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'இரட்சிப்பு' விவிலியத்தில் பொருந்தினாலும் இன்று ஆன்ம ஈடேற்றத்தையே நினைவூட்டும். ஹட்சாலாவின் வேலை உடலோடும் மூச்சோடும். 'உயிர்காப்பு' பரவாயில்லை, ஆனால் அதில் பறித்தெடுக்கும் வேகம் இல்லை. 'மீட்பு' அந்த வேகத்துக்கு நெருங்கி வருகிறது. பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்பதற்குக் கரந்தை என்று தனித் திணையே வைத்த மொழி நம்முடையது. ஒரு குறை, நம் செய்தித்தாள்களில் 'கிணற்றில் வாலிபர் சடலம் மீட்பு' என்று தினமும் வருகிறது. ஹட்சாலா குழுக்களின் வேலையோ உயிருள்ளவரைக் காப்பது. பேரிடரில் இறந்தவர்களின் உடலைச் சேகரிக்கும் பணியை இஸ்ரேலில் ஸாகா என்ற வேறோர் அமைப்பு செய்கிறது. வெறும் 'மீட்புக் குழு' என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தோன்றும்.

ஆகவே 'உயிர்மீட்பு' என்பதே என் தேர்வு. அமைப்பின் பெயரை மொழிபெயர்க்காமல், முதல்முறை வரும்போது மட்டும் 'தன்னார்வ உயிர்மீட்புக் குழுவான ஹட்சோலா' என்று எழுதிவிட்டு, பிறகு ஹட்சோலா என்றே தொடரலாம். ஹெவ்ராவைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'உயிர்மீட்புத் தோழமை' சரியாக வரும்.