ஊதா நிறக் கை

திருகோணமலை மீன் சந்தையில் பாரை வெட்டிக்கொண்டிருந்தவரின் கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கியது. வெட்டுப்பட்டது அவர் விரல். சட்டென்று மடங்கியது பையைப் பிடித்திருந்த என் விரல்.

பிறர் வலியைக் காணும்போது மூளை அதைத் தன் உடம்பில் ஓரளவு ஒத்திகை பார்க்கிறது. யாரோ ஒருவர் கையில் ஊசி இறங்குவதைப் பார்த்தால், பார்ப்பவரின் கையில் அதே தசைக்குப் போகும் நரம்புச் சமிக்ஞை தணிகிறது; அந்த ஒத்திகையின் அடையாளம் அது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் தூண்டல் கொடுத்து இதை அளக்கலாம்.

2010இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெள்ளையர்களிடமும் கறுப்பினத்தவர்களிடமும் இப்படி அளந்தார்கள். தம் இனத்தவரின் கையில் ஊசி ஏறியபோது சமிக்ஞை தணிந்தது; மற்ற இனத்தவரின் கைக்குத் தணியவில்லை. அந்நியர் என்றால் அப்படித்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூன்றாவதாக ஊதா நிறத்தில் ஒரு கையையும் காட்டினார்கள். உலகில் எவருக்கும் இல்லாத நிறம். அந்தக் கைக்குச் சமிக்ஞை தணிந்தது!

ஊதா மனிதர் காணி பிடித்தார், கடையில் ஏமாற்றினார் என்று நமக்கு யாரும் சொல்லி வளர்க்கவில்லை. இரக்கத்தை மறிப்பது அறியாமை அல்ல, அறிந்ததாக நினைப்பது என்றே நான் இதைப் படிக்கிறேன். மறைமுக இனச்சாய்வு, அதாவது தாம் அறியாமலே மனதில் ஊறிய இனச்சாய்வு, கூடியவர்களிடம் இந்த வேறுபாடும் கூடுதலாகவே இருந்தது.

2005இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்கள் எதிரே ஒருவர் ஓடிவந்து விழுந்தார். போட்டி அணியான லிவர்பூலின் சட்டை அணிந்து விழுந்தபோது பத்துப் பேரில் மூவரே உதவினர். முன்கூட்டியே தம் அணியைப் பற்றியல்லாமல் 'கால்பந்து ரசிகர்' என்பதைப் பற்றி எழுத வைத்த குழுவில் பத்தில் ஏழு பேர் உதவினர். சாதாரணச் சட்டைக்காரருக்கு அப்போதும் ஒன்பதில் இருவர்தான். வட்டம் அகன்றது, அழியவில்லை.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகில்தான் தண்ணீரைக் கடந்தோம். நடுத்தண்ணீரில் பாதை நின்றுபோனால் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும் மாட்டிக்கொண்டவர்கள். வடைப் பொட்டலம் கைமாறும். கரையேறியதும் அவரவர் பஸ்.

மீன்காரர் எங்கள் ஆள். பக்கத்துக் கல்லில் வெட்டுபவர் அல்ல. அவருக்கு வெட்டுப்பட்டிருந்தால் என் விரல் மடங்கியிருக்குமா? சத்தியம் செய்ய மாட்டேன். நான் விரலை மடக்கிக்கொண்டு நின்றபோது, ஐஸ் அள்ளிவந்து காயத்தை அமுக்கிப் பிடித்தவர் அவர்தான்.